ஏற்றத்தில் மட்டும், அதுவும் சில நாட்களில் மட்டும் சூடேறும் எஞ்சின்: எங்கே தேடுவது?

சரளைப்பாதை

பதினான்கு ஆண்டு ஓடிய டீசல் வண்டி. நான்கு சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஏறுவதற்கான லோ ரேஞ்ச். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விஸ்கஸ் கிளட்ச் விசிறி ஒன்று. ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஒரு சிறிய மின்விசிறி. நான் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினாலும் வெப்பமுள் நடுவை விட்டு நகர்வதில்லை. காட்டுப்பாதையில் லோ ரேஞ்சில் நடை வேகத்தில் ஏறும்போதுதான் வம்பு. அதுவும் எப்போதும் இல்லை. ஒரே ஏற்றத்தில் ஒரு வாரம் அமைதியாக ஏறுகிறது, மறு வாரம் பாதி வழியில் முள் சிவப்பைத் தொடுகிறது. பட்டறையில் காட்டும் நாளில் ஒன்றும் நடப்பதில்லை.

எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிதிறக்கும் தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. வாட்டர் பம்ப் மாற்றியாயிற்று. மேல், கீழ் ஹோஸ்கள் புதியவை. ஒவ்வொரு முறையும் "இத்தோடு தீர்ந்தது" என்று நம்பிப் புறப்பட்டேன். கடைசியாகப் போன வாரம், குடும்பத்தோடு செங்குத்தான ஒரு சரிவில் நின்றுவிட்டேன். எல்லோரும் சொல்வதுபோல உடனே ஏசியை அணைத்தேன். முள் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. பின்னால் குழந்தைகள், முன்னால் ஆவி. அந்த இருபது நிமிடங்களை நான் மறக்கப்போவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மணல்மேடு

ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. சுமை ஏறும்போது மட்டும் சூடேறுவது அதன் கைரேகை. ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது கேஸ்கெட்டின் மெல்லிய விரிசல் வழியாக எரிந்த வாயு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்குள் புகும். வாயு சேர்ந்த இடத்தில் நீரோட்டம் அறுந்துபோகும். சமதரையில் ஓட்டினால் அழுத்தம் குறைவு, ஒன்றும் தெரியாது. என் பழைய வண்டியில் எட்டு மாதம் இதே ஆட்டம். காலையில் எஞ்சின் தொடங்கிய இரண்டாம் நிமிடமே மேல் ஹோஸ் கல்போல் இறுகிவிடும். கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லாதபோது அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? நான் கவனிக்காமல் ஓட்டி, கடைசியில் ஹெட்டே வளைந்துவிட்டது. நீங்கள் அந்த அளவுக்கு விடாதீர்கள்.

இரட்டைக்கியர்

எஞ்சினைத் திறக்கும் முன் முகப்புக் கிரில்லைக் கழற்றுங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். சேற்றில் ஓடும் வண்டிகளில் அந்த இடைவெளிதான் குப்பைத்தொட்டி. புல்விதை, பூச்சி, சேறு எல்லாம் கண்டென்சரைத் தாண்டி உள்ளே போய் ரேடியேட்டரின் முகத்தில் அப்பிக்கொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், ரேடியேட்டருக்கு மூச்சே போகாது. ஒருமுறை மேல் பிடிப்புகளைக் கழற்றிக் கண்டென்சரைச் சற்று முன்னே சாய்த்தபோது களிமண் தகடாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் வண்டியைச் சுத்தமாகக் கழுவியிருந்தேன்.

கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீர் பாய வேண்டும். முன்னாலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடிக்காதீர்கள், ரேடியேட்டரின் மெல்லிய துடுப்புகள் மடிந்துவிடும். மடிந்த துடுப்பும் சேறும் காற்றுக்கு ஒன்றுதான்.

பழையடீசல்

சரளைப்பாதை அவர்களே, இனி ஒரு பாகமும் வாங்காதீர்கள். வந்து வந்து மறையும் கோளாறில் எந்தப் பாகம் கெட்டது என்பது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்தில் கெடுகிறது என்பதே முதல் கேள்வி. அந்த விடை உங்கள் வண்டியிலேயே இருக்கிறது, யாரும் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் முள்ளை நம்புவதை நிறுத்துங்கள். பல வண்டிகளில் தொழிற்சாலை முள் வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டது. 80 டிகிரியிலும் நடுவில் நிற்கும், 100-ஐத் தாண்டியும் நடுவில் நிற்கும், பிறகு திடீரென்று சிவப்புக்குத் தாவும். நீங்கள் "ஒன்றுமில்லாத நாள்" என்று நினைத்த நாட்களில் 104 டிகிரியில் ஓடியிருக்கலாம். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சிறிய கருவி போதும், கூலன்ட் வெப்பத்தை எண்ணாகவே காட்டும். முகப்பு விளக்கைப் போட்டதும் முள் துள்ளுகிறதா என்றும் பாருங்கள். துள்ளினால் அங்கே எர்த் வயர் பழுது, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தில் அமர்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதட்டும்: வெப்பம், கியர், எஞ்சின் சுழற்சி, ஏசி உண்டா இல்லையா, காற்று எதிரே வீசுகிறதா முதுகுப் பக்கமா, விசிறியின் இரைச்சல் கேட்கிறதா. காலையில் குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் மட்டம். மூன்று பயணங்கள் போதும்.

ஏசியை அணைத்த பிறகு முள் இன்னும் ஏறியது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அதைத் தனியாகச் சோதியுங்கள்.

கொதிநிலை

குழந்தைகளோடு மீண்டும் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முள் ஏறுகிறது, ஆனால் ஆவியும் இல்லை ஒழுக்கும் இல்லை என்றால், வண்டியை நிறுத்திக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினை 1500 சுழற்சியில் ஓடவிட்டு, உள்ளே ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உடனே எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்று ஹெட்டில் தேங்கிய வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும். ஆவி பறக்கிறது அல்லது கூலன்ட் கொட்டுகிறது என்றால் கதை வேறு, அப்போது அணைத்தே ஆக வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தைப் பிடிக்கும் மூடி அடைத்து வைத்திருக்கும்போது 125-ஐத் தாண்டும்வரை கொதிக்காது. மூடியைத் திருகும் அந்த நொடியில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பது முழுவதும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். அப்படி வெந்துபோன கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மூடியையும் சோதியுங்கள். வில் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, கூலன்ட் முன்னதாகவே கொதித்து, வழிவதைப் பிடிக்கும் பாட்டிலுக்குத் தப்பி ஓடும். குளிரும்போது திரும்ப உறிஞ்சுவதற்கு மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு உண்டு. அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருக்கும். இத்தனை பாகம் மாற்றியவர்கள் மூடியைத் தொடாமல் விட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சரளைப்பாதை

அனைவருக்கும் நன்றி. பத்து நாளாக எழுதியதைத் தருகிறேன்.

கிரில்லைக் கழற்றிப் பார்த்தேன். இடைவெளியில் கொஞ்சம் புல்விதை, அடியில் ஒரு கைப்பிடிச் சேறு. எடுத்துவிட்டேன். பெரிய அடைப்பு என்று சொல்ல முடியாது. மூடியைப் பட்டறையில் அழுத்தக் கருவியில் மாட்டிப் பார்த்தார்கள், அழுத்தத்தைப் பிடிக்கிறது. காலையில் ஹோஸ் மெத்தென்று இருக்கிறது, சப்பவும் இல்லை இறுகவும் இல்லை. கூலன்ட் மட்டம் பத்து நாளும் ஒரே கோட்டில் நின்றது.

நெடுஞ்சாலையில் 88 முதல் 90. எதிர்காற்றில் ஏற்றம், லோ ரேஞ்ச் இரண்டாம் கியர்: 95. அதே ஏற்றம், காற்று முதுகில், ஏசி போட்டபடி: 97-இல் நின்றுவிட்டது. மறுநாள் அதே ஏற்றம், காற்று முதுகில், ஏசி அணைத்து: 99, 103, 107, நிறுத்திவிட்டேன். நம்ப முடியாமல் அங்கேயே ஏசியைப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் முன்னாலிருந்து பெரிய இரைச்சல், 107 மெல்ல மெல்ல 98-க்கு இறங்கியது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இப்படித்தான்.

ஏசி போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடும் என்றுதான் இத்தனை ஆண்டும் கேட்டிருக்கிறேன். என் வண்டி ஏன் தலைகீழாக நடக்கிறது? விசிறி கிளட்ச் கெட்டுவிட்டதா? காலையில் முதல் நிமிடம் விசிறி நன்றாக இரைகிறது என்பதால் கிளட்ச் நலமாக இருப்பதாகப் பட்டறையில் சொன்னார்கள்.

மணல்மேடு

இந்த எண்களைப் பார்த்த பிறகு என் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. கேஸ்கெட் போயிருந்தால் ஏசியைப் போட்டு அதைக் குளிர்விக்க முடியாது. ஆனாலும் நீலத் திரவச் சோதனையைச் செய்துவிடுங்கள். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சும்போது கரியமில வாயு இருந்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அந்த வாயு குறைவாகவே உண்டாகும் என்பதால், எஞ்சினுக்குக் கொஞ்சம் சுழற்சி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

பழையடீசல்

இந்தப் பக்கத்தை எழுதியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். மூன்று பாகம் மாற்றியதில் கிடைக்காதது ஒரு நோட்டில் கிடைத்துவிட்டது.

விஸ்கஸ் விசிறி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கிளட்சின் மையத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, சுருள்போன்ற ஓர் ஈருலோகப் பட்டை இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. கூலன்ட் எத்தனை டிகிரி என்றும் தெரியாது. ரேடியேட்டரைக் கடந்து தன் மீது படும் காற்று எவ்வளவு சூடு என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் காற்று சூடானதும் சுருள் முறுக்கி ஒரு வால்வைத் திறக்கும், உள்ளே சிலிகான் எண்ணெய் பாய்ந்து விசிறியை எஞ்சினோடு பிடித்துவைக்கும். அதுதான் நீங்கள் கேட்ட இரைச்சல்.

ஏசியைப் போட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. கண்டென்சர் தன் வெப்பத்தைக் காற்றில் ஏற்றுகிறது. மின்விசிறி அந்தக் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. சுருளுக்குச் சூடான காற்று வந்து சேர்கிறது, கிளட்ச் பிடிக்கிறது. ஏசி இல்லாமல், முதுகுக் காற்றில், நடை வேகத்தில் போகும்போது கூலன்ட் 107 ஆனாலும் சுருளுக்குச் செய்தி போகவில்லை.

ஏசியை அணையுங்கள் என்ற அறிவுரை பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி. உங்கள் வண்டியில் விசிறியை எழுப்பிக்கொண்டிருந்த ஒரே ஆளை அது வெளியே அனுப்பிவிட்டது.

காலை இரைச்சலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் எண்ணெய் கிளட்சின் வேலை அறைக்குள், அதாவது விசிறியைப் பிடிக்கும் இடத்துக்குள், வழிந்து கிடக்கும், அதனால் முதல் நிமிடம் விசிறி பிடித்தபடி ஓடும். உள்ளே எண்ணெய் இருக்கிறது என்பதற்கு அது சான்று. சுருள் நேரத்துக்குத் திறக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

ஒரு சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முகப்பை அட்டையால் மூடி, ஏசி இல்லாமல் 2000 சுழற்சியில் பிடியுங்கள். எத்தனை டிகிரியில் இரைச்சல் வருகிறது என்று குறியுங்கள். 110 ஆனால் அட்டையை எடுத்துவிடுங்கள். விசிறிக்கு அருகே கையோ தளர்ந்த துணியோ போகவே கூடாது.

சரளைப்பாதை

நீலத் திரவம் நீலமாகவே இருந்தது. சுமை கொடுத்தும் பார்த்தார்கள், நிறம் மாறவில்லை. என் மனத்திலிருந்து ஒரு பாறை இறங்கியது.

அட்டைச் சோதனை: 95 ஆயிற்று, 100 ஆயிற்று, சத்தமே இல்லை. 108-இல்தான் இரைச்சல் வந்தது.

இரட்டைக்கியர்

அப்படியென்றால் கிளட்ச்தான். 108 மிகவும் தாமதம். மாற்றிவிடுங்கள்.

சரளைப்பாதை

உண்மையைச் சொல்கிறேன், உங்கள் பதிவைப் பார்த்த அன்றே வாங்கிவிட்டேன். நாளை மாட்டலாம் என்றிருக்கிறேன்.

பழையடீசல்

ஒரே ஒரு நாள் பொறுங்கள். சுருள் தாமதமாக விழிக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுருள் கெட்டிருக்கலாம். அல்லது சுருள் சரியாக இருந்து, அதன் எதிரே இருக்கும் ரேடியேட்டர்ப் பகுதி குளிர்ந்தே கிடக்கலாம். உள்குழாய்கள் அடைத்திருந்தால் அந்த இடத்தில் சுடுநீர் ஓடாது, அங்கே கடந்து வரும் காற்றும் சூடாகாது. சுருளின் கண்ணுக்கு எஞ்சின் குளிர்ந்திருப்பதுபோலத் தோன்றும். இந்நிலையில் புதிய கிளட்ச் போட்டாலும் அதுவும் தூங்கும். பிறகு பெட்டியோடு கடைக்குப் போய் "புதியதும் பழுது" என்று சண்டை போடுவீர்கள்.

இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று கடன் வாங்குங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்த பிறகு அணைத்துவிட்டு, தாமதிக்காமல் எஞ்சின் பக்கத்திலிருந்து ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளந்து தாளில் எழுதுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி தவறாகக் காட்டும், அத்தகைய இடங்களில் கருப்பு நாடா ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். உங்களுடையது மேலிருந்து கீழ் ஓடும் ரேடியேட்டர் என்றால் அடைப்பு செங்குத்துப் பட்டையாகத் தெரியும்.

சரளைப்பாதை

மேலிருந்து கீழ் ஓடுவதுதான். அளந்துவிட்டேன். படம் போடத் தெரியவில்லை, எழுதுகிறேன். இடது ஓரம் மேலே 91, கீழே 78. வலது ஓரமும் ஏறக்குறைய அதே. நடுவில் இரண்டு சாண் அகலத்துக்கு மேலே 70, பாதியில் 52, கீழே 44. அந்தப் பட்டைக்கு நேர் எதிரில்தான் விசிறியின் மையம் இருக்கிறது.

தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாங்கியபோது முந்தைய உரிமையாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. ரேடியேட்டரில் எப்போதோ சிறு கசிவு இருந்ததாம், ஒழுக்கை அடைக்கும் பொடியை ஊற்றினாராம், நின்றுவிட்டதாம். அப்போது அது நல்ல செய்தியாகத் தோன்றியது.

கொதிநிலை

அந்தப் பொடிக்குக் கசிவு எது, குழாய் எது என்று தெரியாது. குறுகிய இடமெல்லாம் அதற்கு ஒன்றுதான். காட்டின் நடுவே நின்றுவிட்டவருக்கு வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. வந்து சேர்ந்ததும் அமைப்பு முழுவதையும் கழுவி, கசிந்த பாகத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. உங்கள் ஹீட்டர் மந்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், அதன் குழாய்கள் இன்னும் மெல்லியவை.

மணல்மேடு

ரசாயனம் ஊற்றிக் கழுவினால் திறக்குமா?

பழையடீசல்

துருவும் சுண்ணாம்புப் படிவும் ஓரளவு கரையும். இறுகிப்போன அடைப்புப் பொடியை அது கரைத்து நான் பார்த்ததில்லை. பாதி கரைந்தால் இன்னும் மோசம், பெயர்ந்த துண்டுகள் வேறு குழாய்க்குள் போய் நிற்கும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல்வாயில் குழாய்த் தண்ணீரை முழுதாகத் திறந்து விடுங்கள். கீழ்வாயில் அதே வேகத்தில் வெளியேறாமல் மேலே நிரம்பி வழிந்தால் வேறு கேள்வி வேண்டாம். தொட்டி பித்தளை என்றால் உள்கருவை மட்டும் மாற்றலாம். பிளாஸ்டிக் தொட்டி என்றால் புதியதே போடுங்கள்.

சரளைப்பாதை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கழற்றியதும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மேலே நிரம்பி வழிந்தது. பிளாஸ்டிக் தொட்டி என்பதால் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினேன். எஞ்சினையும் ஹீட்டரையும் இருபுறமும் தண்ணீர் விட்டுத் தெளியும்வரை கழுவினேன். முதல் வாளியில் பழுப்பு நிற மண்போல ஒன்று படிந்தது. கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றினேன். கிளட்ச் பழையதேதான், வேண்டுமென்றே மாற்றவில்லை.

அட்டைச் சோதனையை மறுபடி செய்தேன். 94-இல் இரைச்சல் வந்தது. அதே கிளட்ச்!

பிறகு அந்த ஏற்றம். காற்று முதுகில் வீசும் நாளாகப் பார்த்துத்தான் போனேன். ஏசி இல்லை, லோ ரேஞ்ச், முதல் கியர், நடை வேகம். 93, 95, இரைச்சல், 96, பிறகு 92. உச்சியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன், பாட்டிலில் மட்டம் சரியாக இருந்தது. நான்கு முறை ஏறிவிட்டேன். ஒருமுறைகூட 97-ஐத் தொடவில்லை. வாங்கிய கிளட்ச் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, திருப்பித் தரப்போகிறேன்.

இரட்டைக்கியர்

நான் அவசரப்பட்டுச் சொன்னேன், மன்னியுங்கள். என் வண்டியிலும் நாளை அளந்து பார்க்கிறேன். என்னுடையது ஆட்டோமேட்டிக். அதற்கு வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பழையடீசல்

பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். மெதுவாக ஏறும்போது, எஞ்சினையும் கியரையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெயைக் காய்ச்சும், அந்த வெப்பமும் கூலன்டில்தான் இறங்கும். ஆகவே ஹை ரேஞ்சில் திணறி ஏறாமல் முன்கூட்டியே லோ ரேஞ்சுக்கு மாறிவிடுங்கள். ஓபிடியில் கியர் எண்ணெய் வெப்பம் காட்டினால் அதையும் எழுதுங்கள். கூலன்டுக்கு முன்னால் அது ஏறுகிறதா, பின்னால் ஏறுகிறதா என்பதில் பாதி விடை இருக்கிறது.

சரளைப்பாதை அவர்களே, புதிய கூலன்ட் ஊற்றிய பிறகு காற்றுப் பூட்டு (குழாய்களில் சிக்கிய காற்று) நீங்க மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து ஓடவிட்டீர்களா?

சரளைப்பாதை

செய்தேன், அரை மணி நேரம். முதல் இரண்டு நாள் காலையில் மட்டம் விரல் அகலம் இறங்கியது, நிரப்பினேன். மூன்றாம் நாளிலிருந்து அசையவில்லை. நோட்டு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. இப்போது என் மகள் எழுதுகிறாள்.